பக்கம் நிரப்பிய கொள்ளுத்தாத்தா

அத்தியாயம் 11

வியாழக்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு ‘மேலும் கீழும்’ பத்திரிகையின் ஆசிரியர் தன் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த மேஜையை அவர் துடைத்ததில்லை. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் போலீஸ் ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்குவார்கள். இங்கே குற்றவாளியே பெருக்கிக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் அந்தக் கடிதம் இருந்தது. போன வாரம் வந்தது. இந்த ஒரு வாரத்தில் அவர் அதை நாற்பது தடவையாவது படித்திருப்பார். நாலே வரி.

‘ஐயா, உங்கள் ஜனவரி இதழில் மூன்றாம் பக்கத்தில், உங்கள் கொள்ளுத்தாத்தா என்று போட்டிருக்கும் படத்தில் இருப்பவர் என் அப்பா. வியாழன் பதினொரு மணிக்கு நேரில் வருகிறேன். ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்.’

நடுவில் ஒரு வாரம் விட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். ‘மேலும் கீழும்’ லிஃப்ட் தொழிலில் இருப்பவர்களுக்கான மாதப் பத்திரிகை. லிஃப்ட் செய்கிறவர்கள், மாட்டுகிறவர்கள், ரிப்பேர் பார்க்கிறவர்கள் படிப்பார்கள். அவர்கள் வீட்டில் அலமாரித் தட்டில் விரிப்பார்கள். அச்சடித்தது போதும், இனி இணையத்தில் நடத்துங்கள் என்று தொழிற்சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது. இன்று மாலை நான்கு மணிக்கு அச்சகத்துக்குப் போகப்போவது கடைசி இதழ். நாளை திறக்கவிருக்கும் இணையத்தளத்தை ஏற்று நடத்தப்போகிறவள் ஆசிரியரின் மகள். கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு வந்திருந்தாள்.

எதை நம்பி வந்தாள்? வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு படத்தை நம்பி. கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்டுக்குள், கைப்பிடியைப் பிடித்தபடி நிமிர்ந்து நிற்கும் ஒரு மனிதர். ‘ஐந்தாம் தலைமுறை’ என்பதுதான் அவளுடைய தளத்தின் முகப்பு வாசகம். அதற்கு மேலே அந்த மனிதர்.

அந்த மனிதர் யார் என்பது ஆசிரியருக்கு இன்று வரை தெரியாது. அதுதான் சங்கதி.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்பு, வேறு ஆள் கிடைக்காத ஒரே காரணத்தால், இருபத்தேழு வயதில் அவரை ஆசிரியராக்கினார்கள். முதல் இதழ். முதல் தலையங்கம். ‘என் முன்னோரும் நம் தொழிலும்’ என்று தலைப்பு வைத்தார். முன்னோரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ‘எங்க தாத்தா ஒரு பெரிய கட்டடத்துல வேலை பார்த்தார்’ என்று அப்பா எப்போதோ சொன்னது. பெரிய கட்டடம் என்றால் லிஃப்ட் இருக்கும். லிஃப்ட் இருந்தால் அதை இயக்க ஆள் இருக்கும். அந்த ஆள் ஏன் கொள்ளுத்தாத்தாவாக இருக்கக்கூடாது? இப்படிப் படிப்படியாக ஏறி, தலையங்கம் அரைப் பக்கத்தை எட்டியது.

மீதி அரைப் பக்கத்தில் ஒரு விளம்பரம் வரவேண்டும். கடைசி நேரத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். இழுத்துப் பிடித்துத் துணுக்குகளைப் போட்டபின்னும் பக்கத்தின் நடுவில் நான்கு அங்குலத்துக்கு மூன்று அங்குலம் ஓட்டை விழுந்தது. பத்திரிகைக்காரனுக்கு அந்த ஓட்டை சொந்த வாயில் பல் விழுந்த மாதிரி. அலமாரியில் ‘பெயர் தெரியாதவர்கள்’ என்று எழுதிய உறை ஒன்று இருந்தது. கையை விட்டார். லிஃப்ட் ஆப்பரேட்டர் ஒருவர் வந்தார். படத்தின் பிரதி ஒன்றை ஓட்டையின் அளவுக்கு வெட்டினார். கீழே ‘ஆசிரியரின் கொள்ளுத்தாத்தா’ என்று போட்டார். அடுத்த மாதம் திருத்தம் போட்டுவிடலாம் என்று நினைத்தார்.

செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்த அப்பா அந்த இதழை வீட்டில் பிரித்தார். மூன்றாம் பக்கத்தில் நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவரேதான்” என்றார். மறுநாளே கத்தரித்து, கண்ணாடி போட்டு, கூடத்தில் மாட்டிவிட்டார்.

பார்த்தே இராத தாத்தாவுக்கு ஒரு முகம் கிடைத்த சந்தோஷத்தில் மனிதர் அழுகிறார், அவரிடம் போய்த் திருத்தமா? அடுத்த மாதம் திருத்தம் வந்தது. மோட்டார் ஒன்றின் குதிரைத்திறன் தவறாக அச்சாகிவிட்டதற்கு வருந்துகிறோம் என்று.

அதன்பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தப் படமும் தலையங்கமும் வரும். கொள்ளுத்தாத்தாவும் சும்மா இருக்கவில்லை. முதலில் நடுவழியில் சிக்கிய நான்கு பேரைக் காப்பாற்றினார். பத்தாவது ஆண்டில் ஏழு பேர். வெள்ளிவிழா இதழில் பதினோரு பேர், அதில் ஒருவர் கர்ப்பிணி. அப்பா போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷமாகிறது. படத்தின் கண்ணாடியைத் தினமும் துடைக்கும் பொறுப்பை ஆசிரியரின் அக்கா எடுத்துக்கொண்டாள்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது.

“இது லிஃப்ட் பத்திரிகை ஆபீஸ்தானே?”

“ஆமாம்மா. வாங்க.”

“நாலு மாடி ஏறி வந்திருக்கேன். கீழ லிஃப்ட்ல ‘வேலை செய்யவில்லை’ன்னு போர்டு. நீங்க இதைப் பத்தி ஏதாவது எழுதக்கூடாதா?”

“ஒன்பது நாளாச்சும்மா. ஆள் வரச் சொல்லியிருக்கோம்.”

“உங்க கொள்ளுத்தாத்தாவைக் கூப்பிட்டிருக்கலாமே.”

வந்தவருக்கு எழுபத்து நாலு வயது இருக்கலாம். குட்டையான தலைமுடி, தோளில் தொங்கும் பெரிய பை, மூச்சு வாங்காத குரல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அவரே சொன்னார். ஆசிரியருக்குத் தண்ணீர் கொடுக்கத் தோன்றியது. கொண்டு வந்தவர், கொடுப்பதற்குள் பாதியைத் தானே குடித்துவிட்டார்.

“போன மாசம்தான் பொண்ணு வீட்டோட வந்து சேர்ந்தேன்,” என்றார் வந்தவர். “மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். உங்க பத்திரிகை கட்டுக் கட்டா கிடக்கு. அலமாரியில விரிக்க ஒண்ணை எடுத்தேன். பாத்தா அப்பா நிக்கிறார்.”

“நிச்சயமா அவர்தானாம்மா? பழைய படம்...”

அவர் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பித்தளை வில்லை, சட்டையில் குத்திக்கொள்ளும் வகை. ‘6’ என்று எண். மேல் மூலை மடங்கியிருந்தது.

ஆசிரியர் ஜனவரி இதழைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. முப்பத்தோரு வருஷமாகப் பார்த்த படம். சட்டைப் பைக்கு மேலே எண் ஆறு. மேல் மூலை மடங்கியிருக்கும்.

“இதைத்தான் அம்மா கடைசி வரைக்கும் வெச்சிருந்தாங்க. எனக்கு அஞ்சு வயசு முடியறதுக்குள்ள அப்பா போயிட்டார். காய்ச்சல். ஒரு படம்கூட எங்ககிட்ட இல்லை.” வில்லையை மறுபடியும் பொட்டலமாக மடித்தார். “இப்போ நான் கேக்கவேண்டியதைக் கேட்டுடறேன். எங்க அப்பா உங்களுக்குக் கொள்ளுத்தாத்தான்னா, நான் உங்க தாத்தாவுக்குத் தங்கச்சி. உங்களுக்குப் பாட்டி முறை ஆகணும்.”

ஆசிரியர் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை.

“வயசுக் கணக்கு இடிக்குது, நானும் போட்டுப் பார்த்தேன். ஆனா நீங்க அச்சுல போட்டிருக்கீங்க. ஒரு தடவை இல்லை, முப்பது தடவை. மாப்பிள்ளை வீட்டுக் கட்டு முழுக்கத் தேடிப் பார்த்துட்டேன். பத்திரிகைக்காரங்க விசாரிக்காமலா போடுவாங்க?” இந்த இடத்தில்தான் அந்தக் குரல் முதன்முதலாகக் கொஞ்சம் இறங்கியது. “அப்படின்னா எங்களுக்கு முன்னாடி அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கு. அம்மாகிட்ட மறைச்சிருக்கார். அம்மா நாப்பத்தேழு வருஷம் இந்த வில்லையைத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டுத் தூங்கினாங்க தம்பி. அவங்க ஏமாந்துட்டாங்களா இல்லையா? எனக்கு அது மட்டும் தெரியணும்.”

வக்கீல் நோட்டீஸ் வரும், சங்கத்தில் புகார் போகும், மூக்கு உடையும் என்றெல்லாம் ஒரு வாரமாக அவர் தயாராக இருந்தார். மன்னிப்புக்கு மூன்று விதமான முதல் வரிகள் வைத்திருந்தார். நல்ல வரிகள். ஒன்றில் லேசான நகைச்சுவைகூட இருந்தது. அவர் வெட்டி ஒட்டிய ஒரு படத்தால் நல்ல மனுஷன் ஒருவர் செத்தபிறகு பெண்டாட்டியை ஏமாற்றியவர் ஆகிவிட்டார் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

“இல்லைம்மா,” என்றார். “அவருக்கு வேற குடும்பம் இல்லை. எங்களுக்கும் அவருக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. அவர் யாருன்னே எனக்குத் தெரியாது. பக்கத்துல இடம் காலியா இருந்தது. கையில கிடைச்ச படத்தைப் போட்டு, எங்க கொள்ளுத்தாத்தான்னு நானா எழுதிட்டேன்.”

அறை வாசலில் ஏதோ விழுந்தது. புரூஃப் கட்டு. அதைக் கொண்டுவந்த மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

வந்தவர் முதலில் சிரித்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. “அப்பாடா” என்றார். “அப்பாடா. ஒரு மாசமா அந்த மனுஷனோட நான் பேசறதில்லை, தெரியுமா? மனசுக்குள்ளேயே சண்டை.”

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் படத்தோட மிச்சம் இருக்கா?” என்று கேட்டார்.

“மிச்சமா?”

“ஓரத்துல ஒரு குழந்தையோட ஷூ தெரியுது. நுனி மட்டும்.”

ஆசிரியர் அலமாரியைத் திறந்தார். ‘பெயர் தெரியாதவர்கள்’ உறை கீழ்த் தட்டில், பழைய டயரிகளுக்கு அடியில் இருந்தது. அந்த உறையை அவர் ஒளித்து வைத்தார் என்று சொல்வது மிகை. மறந்துவிட வசதியான இடத்தில் வைத்திருந்தார். மூலப் படத்தை எடுத்தார். ஓரத்தில் முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய பென்சில் கோடு. ‘இதுவரை வெட்டு’ என்று அவரே எழுதியது.

கோட்டுக்கு அந்தப் பக்கம், லிஃப்டுக்குள் ஆப்பரேட்டர் உட்காருவதற்காக இருக்கும் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வந்தவர் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

“அசையாதேன்னார்,” என்றார். “படம் எடுக்கற வரைக்கும் அசையாதே, அப்புறம் உன்னை ஆறாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போறேன்னார். நான் அசையவே இல்லை.”

தெருவில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. 

அவர் திரும்பியபோது முகம் மாறியிருந்தது. “முப்பத்தோரு வருஷம். என்னை வெட்டிப் போட்டுட்டு அப்பாவை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டீங்க.”

ஆசிரியர் கையிலிருந்த உறையை மேஜைமேல் வைத்தார்.

“மன்னிச்சுக்கோங்கம்மா” என்றார். லேசான நகைச்சுவை வரி எங்கேயோ போய்விட்டது.

“மன்னிக்கிறதை அப்புறம் பாக்கலாம். அவருக்கு ஒரு பேர் இருக்கு. அதைப் போடுங்க.”

பெயரைச் சொன்னார். ஆசிரியர் எழுதிக்கொண்டார். எழுதியதைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். முப்பத்தைந்து வருஷம் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் சரிபார்த்து இணைப்புக் கொடுத்த கை.

இத்தனை நேரமும் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை. குழந்தையிலிருந்தே அவள் கோபம் வந்தால் பேசுவாள். ரொம்பக் கோபம் வந்தால் வேலை செய்வாள். சிதறிய புரூஃப்களைப் பொறுக்கி, வந்தவரிடம் மரியாதையாக, “இருந்து சாப்பிட்டுட்டுப் போலாம், உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் லேஅவுட் அறைக்குப் போனாள். ஆசிரியர் பின்னாலேயே போனார்.

லேஅவுட்காரர் மூன்றாம் பக்கத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தார். ‘நான்கு தலைமுறை: ஆசிரியரின் விடைபெறும் தலையங்கம்.’ உள்ளபடியே நன்றாக வந்திருந்தது. முதலில் லிஃப்டிலிருந்து ஆப்பரேட்டர் போனார், அவர் இடத்தில் பட்டன் வந்தது. இப்போது பட்டனும் போகிறது, கதவருகே போனாலே எந்த மாடி என்று அதுவே தெரிந்துகொள்கிறது. மெக்கானிக் காது வைத்துக் கேட்ட கோளாறைக் கோளாறு வருவதற்கு முன்பே சென்சார் சொல்லிவிடுகிறது. கடைசியில் அதைப் பற்றி எழுதுகிற காகிதமும் போகிறது. போனவர்களை யாராவது எண்ணி வைத்தோமா என்று கேட்டு முடித்திருந்தார். எழுதி முடித்து இரண்டு தடவை ரசித்துப் படித்திருந்தார். இப்போது அந்தக் கேள்வி அவரையே கேட்பது போலிருந்தது.

“இதை எடுத்துடுங்க,” என்றாள் மகள்.

“எதை மேடம்?”

“பக்கத்தை. முழுசா.”

லேஅவுட்காரர் ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் தலையசைத்தார். லேஅவுட்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அது யார் பக்கமும் சேரவில்லை. பன்னிரண்டரையைக் காட்டியது.

“அப்பா, நீங்க திருத்தம் எழுதுங்க. படம் முழுசா வரணும். வெட்டாம.”

“முழுப் படத்துக்கு இடம் பத்தாது சார்,” என்றார் லேஅவுட்காரர். “பக்கத்துல சங்கத் தலைவரோட வாழ்த்துச் செய்தி இருக்கு. அவர் போட்டோ வேற.”

“அவரை ஸ்டாம்ப் சைஸ் ஆக்கிடுங்க,” என்றாள் மகள்.

“மேடம், தலைவர்...”

“வாழ்த்து வாழ்த்துதானே? சின்னதா இருந்தாலும் பலிக்கும்.”

ஆசிரியர் எழுதினார். முப்பது வரி வந்தது. தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ளும் இரண்டு இடங்கள் ரொம்ப நன்றாக அமைந்துவிட்டன. மகள் வாங்கிப் படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

“இந்தப் பல் விழுந்த உவமை வேண்டாம்.”

“அது படிக்கிறவங்களுக்கு...”

“சிரிப்பு வரும். அவங்க சிரிச்சுட்டே உங்களை மன்னிச்சுடுவாங்க. நீங்க அதுக்குத்தானே எழுதியிருக்கீங்க?”

பிறந்த நாள் முதல் தெரிந்த பெண்ணிடம் புதிதாக ஒரு ஆசிரியரைப் பார்ப்பது ஒரு அப்பாவுக்குப் பெருமையாக இருக்க வேண்டும். இருந்தது. வலிக்கவும் வலித்தது. முப்பது வரி ஏழாகியது:

‘இந்தப் பத்திரிகை முப்பத்தோரு ஆண்டுகளாக ஆசிரியரின் கொள்ளுத்தாத்தா என்று வெளியிட்டுவந்த படத்தில் இருப்பவர் ஆசிரியரின் உறவினர் அல்ல. அவரைப் பற்றி எழுதிய சாகசங்கள் எதுவும் நடக்கவில்லை. ஆசிரியர் அது தெரிந்தே எழுதினார். படத்தில் இருப்பவர் லிஃப்ட் ஆப்பரேட்டராகப் பணிபுரிந்தவர். அவர் பெயரும், இதுவரை வெட்டப்பட்டிருந்த அவருடைய மகளின் பெயரும் படத்தின் கீழே உள்ளன. அவருக்கு இருந்தது ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்திடம் ஆசிரியர் மன்னிப்புக் கேட்கிறார்.’

“‘தெரிந்தே’ வேணுமா?” என்று கேட்டார் ஆசிரியர்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவை. அவர், “வேணும்” என்று தானே சொல்லிக்கொண்டார்.

நாலுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பக்கம் அச்சகத்துக்குப் போயிற்று. மகள் தன் கம்ப்யூட்டரில் தளத்தின் முகப்பைத் திறந்து, ‘ஐந்தாம் தலைமுறை’ என்ற வாசகத்தை அழித்தாள். படத்தை எடுத்தாள். வெள்ளையாக ஒரு பக்கம் மிஞ்சியது.

“அங்க என்ன போடப்போறே?” மெதுவாகத்தான் கேட்டார்.

“தெரியலை. நாளைக்குத் தளம் திறக்காது.” திரையைப் பார்த்தபடியே பேசினாள். “நான் வேலையை விட்டுட்டு வந்தப்போ ஆபீஸ்ல எல்லாரும் பைத்தியம்னாங்க. எங்க வீட்ல நாலு தலைமுறையா இதுதான், நான் அஞ்சாவதுன்னு சொன்னேன். உங்க பக்கத்துல நின்னுதானே போன்ல சொன்னேன் அப்பா. அப்பகூட நீங்க சொல்லலை.”

“சொன்னா நீ வராம போயிடுவியோன்னு...”

“வந்திருப்பேனோ என்னமோ. இனிமே அது எனக்கே தெரியாது இல்லையா?”

வாசலில் இருமல் சத்தம் கேட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டெலிபோன் அம்மாள் நின்றிருந்தார். “உங்க வீட்ல இந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதா எழுதியிருந்தீங்களே. அது நிஜமா, அதுவும் கதையா?”

“அது நிஜம்மா.”

“நான் பாக்கணும். அவர் இத்தனை வருஷம் எங்க இருந்தார்னு பாக்கணும்.”

சனிக்கிழமை இதழ் வருவதற்குள் அக்காவைத் தயார் செய்யலாம் என்று ஆசிரியர் இரண்டு நாள் வைத்திருந்தார். அந்த இரண்டு நாளும் ஒரே வாக்கியத்தில் போயிற்று.

டாக்சியில் மகள் முன் சீட்டில் உட்கார்ந்தாள்.  பாதி வழியில் டிரைவர், “ஏதாவது துக்க வீட்டுக்கா சார்?” என்று கேட்டார்.

கதவைத் திறந்த அக்கா, தம்பியை விட்டுவிட்டு விருந்தாளியைப் பார்த்தாள். வந்தவரோ யாரையும் பார்க்கவில்லை. நேரே கூடத்துக்கு நடந்து, படத்தின் எதிரே போய் நின்றுவிட்டார்.

அக்காவுக்கு இது பழக்கம். வீட்டுக்கு வரும் யாரும் அந்தப் படத்தைத் தாண்டிப் போனதில்லை. போக அக்கா விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவள். “எங்க கொள்ளுத்தாத்தா,” என்று ஆரம்பித்தாள். “நிக்கிறதைப் பாத்தீங்களா? ஒரு நாளும் சாஞ்சு நின்னதில்லையாம்.”

“அப்படியா?” என்றார் வந்தவர்.

“அக்கா...” என்றார் ஆசிரியர்.

“நீ இருடா. ஒரு தடவை லிஃப்ட் நடுவழியில நின்னுபோச்சு. உள்ள பதினோரு பேர். ஒரு பொம்பளை நிறைமாசம். எல்லாரும் அலறுறாங்க. இவர் மட்டும், ‘பயப்படாதீங்க, நான் இருக்கேன்’னார். நாலு மணி நேரம், ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்க வீட்டைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்தாராம், பயம் தெரியக்கூடாதுன்னு.”

ஆசிரியர் தரையைப் பார்த்தார். வெள்ளிவிழா இதழ், மூன்றாம் பக்கம், இரண்டாவது பத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பின் எழுதியது.

வந்தவர் மறுக்கவில்லை. திருத்தவில்லை. படத்தைப் பார்த்தபடியே, “அப்புறம்?” என்று கேட்டார். அக்கா சொன்னாள். ஒன்று முடிந்ததும் மறுபடியும், “அப்புறம்?” அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லாமலே எழுபது வருஷம் இருந்தவர். பொய் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “கண்ணாடி பளிச்சுன்னு இருக்கே” என்றார்.

“தினமும் துடைப்பேன்.”

“தினமுமா?”

“ஒரு நாள் விட்டதில்லை. ஆமா, நீங்க யாருன்னு சொல்லவே இல்லையே?”

வந்தவர் வாயைத் திறந்தார்; மூடிக்கொண்டார். ஆசிரியரைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். அவள் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், தோள் படாத தூரத்தில்.

“அக்கா, இவங்க அவரோட பொண்ணு,” என்றார் ஆசிரியர். “நமக்கு அவர் யாருமே இல்லை. பக்கத்துல இடம் காலியா இருந்ததுன்னு யாரோ ஒருத்தர் படத்தை எடுத்து நான்தான் போட்டேன். கதை பூரா நான் எழுதினது. தெரிஞ்சேதான் எழுதினேன்.”

அழுவாள், கத்துவாள், மூன்று நாள் சாப்பிட மாட்டாள் என்று முப்பத்தோரு வருஷமாக அவர் பயந்திருந்தார். அக்கா இதில் எதையும் செய்யவில்லை. விருந்தாளியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். “உக்காருங்க” என்று வந்தவரிடம் சொல்லிவிட்டு, தானும் உட்கார்ந்தாள்.

“நீ போட்டே. சரி. இருபத்தேழு வயசு. உன் புத்தி அவ்வளவுதான்.”

“அக்கா, நான்...”

“இருடா. அப்பா இதைப் பாத்துட்டு என்ன சொன்னார்?”

“இவரேதான்னார். பாவம், தாத்தாவைப் பாத்ததே இல்லையே, ஆசையில...”

“பாத்ததில்லைன்னு உனக்கு யார் சொன்னது?”

ஆசிரியர் யோசித்தார். யாரும் சொன்னதாக நினைவில்லை. முதல் தலையங்கத்தின் மூன்றாவது வரியில் அவரேதான் அப்படி எழுதியிருந்தார்.

“பெத்த தாய் இல்லாத பிள்ளைன்னு அவரோட தாத்தாதான்டா அப்பாவை வளர்த்தார். ஒம்பது வயசு வரைக்கும் அவர் பக்கத்துலதான் படுத்துத் தூங்கினார். அம்மா எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க! அதனாலதானே, அப்பாவே சொல்லிட்டார்னு நானும் நம்பினேன்.”

“என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே.”

“நீ கேட்டியா? முப்பத்தோரு வருஷம் முன்னோரைப் பத்தி எழுதினே. வீட்ல உக்காந்திருந்த மனுஷனை ஒரு தடவை கேட்டியா?”

கூடத்தில் நால்வரும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தாத்தா முகம் அப்பாவுக்கு நல்லாத் தெரியும்,” என்றாள் அக்கா. “பிரிச்ச அன்னிக்கே தெரிஞ்சிருக்கும், இது அவர் இல்லைன்னு. நீ எதுக்குப் பொய் சொன்னேன்னு சொல்லிட்டே. அப்பா எதுக்குடா சொன்னார்?”